லட்சம் வரிசைகளை ஒரே மூச்சில் அழிக்கும்போது டிரிக்கர்கள் திணறுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பில்களை அழிக்க ஒரே ஒரு டெலீட் கட்டளையை மாலையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். காலையில் வந்து பார்த்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தரவுத்தளத்தோடு புழங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் ஒருமுறையாவது நின்றிருப்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். இது குறித்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்குப் பல கிளைகள் கொண்ட ஒரு மளிகைக் கடையின் தரவுத்தளத்தை வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர், பில், பில் உருப்படி என்று மூன்று அட்டவணைகள்; ஒவ்வொரு பில்லும் பில் அட்டவணையில் ஒரு வரிசை. பில் அட்டவணையில் இரண்டு டிரிக்கர்கள் (அட்டவணையில் மாற்றம் நடக்கும்போது தரவுத்தளம் தானாக இயக்கும் சிறு நிரல்கள்): பில் அழிக்கப்படும்போது அதன் நகலைத் தணிக்கை அட்டவணையில் எழுதுவது ஒன்று; அந்த வாடிக்கையாளரின் பில் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பது மற்றொன்று. நான் அன்றாடம் வேலை செய்வது போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) என்ற தரவுத்தள மென்பொருளில் என்பதால் விளக்கங்கள் அதையொட்டியே இருக்கும். மற்றவற்றைப் பற்றிக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

ஒரு பில்லை அழித்தால் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது. லட்சம் பில்லை அழித்தால் மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?

வரிசை தோறும் இயங்கும் டிரிக்கர், அழிக்கப்படும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை அழைக்கப்படுகிறது. லட்சம் வரிசை என்றால் லட்சம் அழைப்பு. வெறும் அழைப்பாக இருந்தால்கூடத் தாங்கும். அந்த டிரிக்கருக்குள் ஓர் இன்சர்ட்டும் (புது வரிசை சேர்ப்பது) ஓர் அப்டேட்டும் (இருக்கும் வரிசையை மாற்றுவது) இருந்தால், நீங்கள் கொடுத்த ஒற்றை டெலீட் உள்ளுக்குள் இரண்டு லட்சம் தனித்தனிக் கட்டளைகளாகப் பெருகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இன்டெக்ஸில் (வரிசையை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் பட்டியல்) தேட வேண்டும், பிறர் குறுக்கே மாற்றாதபடி பூட்டுப் போட வேண்டும், மாற்றங்களைக் குறிக்கும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. அழித்த பிறகு இயங்கும் ஆஃப்டர் டிரிக்கர்களுக்காக, எந்த வரிசை அழிந்தது என்ற சிறு குறிப்பைப் போஸ்ட்கிரெஸ் நினைவகத்தில் வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகும். கட்டளை முடிந்ததும் அந்தக் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய வரிசையை மறுபடியும் அட்டவணையிலிருந்து படித்து, டிரிக்கரை இயக்கும். இந்தக் குறிப்பு வரிசை வட்டுக்கு இறங்காது, நினைவகத்திலேயே இருக்கும். பல கோடி வரிசைகளை ஒரே கட்டளையில் அழிக்க முயன்றால் நினைவகம் நிரம்பிக் கட்டளையே விழுந்துவிடவும் வாய்ப்பு உண்டு.

நேரத்தைத் தின்பது டிரிக்கர்தான் என்று எப்படி உறுதி செய்துகொள்வது?

ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். ஒரு பரிவர்த்தனையை (ஒன்றாக நிறைவேறும் அல்லது ஒன்றாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) தொடங்கி, டெலீட்டுக்கு முன்னால் நேரத்தை அளந்து காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் சேர்த்து ஓட்டி, முடிவைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் ரத்து செய்யும் ரோல்பேக் கொடுங்கள். லட்சம் வரிசைக்கு வேண்டாம். ஓராயிரம் வரிசைக்குச் செய்தாலே போதும். வெளியீட்டின் அடியில் ஒவ்வொரு டிரிக்கருக்கும் ஒரு வரி இருக்கும்: டிரிக்கரின் பெயர், அது எடுத்த மொத்த நேரம், எத்தனை முறை அழைக்கப்பட்டது. மொத்த நேரத்தில் பெரும்பங்கு எந்த வரியில் நிற்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. எக்ஸ்பிளைன் அனலைஸ் உண்மையிலேயே அழித்துப் பார்க்கிறது. ரோல்பேக் தரவைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் அதுவரை பூட்டுகள் பிடிபட்டிருக்கும், டிரிக்கர் வெளியே ஏதேனும் சேவையை அழைத்திருந்தால் அந்த அழைப்பைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே முடிந்தவரை நகல் தரவுத்தளத்தில் செய்யுங்கள். அடுத்தது, பரிவர்த்தனையின் முடிவுவரை ஒத்திவைக்கப்பட்ட சரிபார்ப்புகள் இந்தக் கணக்கில் வரவே வராது. எக்ஸ்பிளைன் வேகமாக முடிந்து, மாற்றங்களை உறுதிசெய்யும் கமிட் மட்டும் நின்றுகொண்டிருந்தால் முதலில் அவற்றைச் சந்தேகியுங்கள்.

நாங்கள் எந்த டிரிக்கரும் எழுதவில்லை. ஆனாலும் அழிப்பது மெதுவாக இருக்கிறதே?

நீங்கள் எழுதவில்லை; போஸ்ட்கிரெஸ் எழுதியிருக்கிறது. ஓர் அட்டவணை சுட்டும் வரிசை மற்றோர் அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும் என்னும் ஃபாரின் கீ கட்டுப்பாடு போஸ்ட்கிரெஸின் உள்ளே டிரிக்கர்களாகத்தான் இயங்குகிறது. பில் உருப்படி அட்டவணை பில்லைச் சுட்டுகிறது என்றால், ஒவ்வொரு பில் அழியும்போதும் "இந்தப் பில்லைச் சுட்டும் உருப்படி ஏதேனும் மிச்சம் இருக்கிறதா?" என்று ஒரு வினவல் ஓடும்.

சுட்டப்படும் பக்கத்தில், அதாவது பில்லின் முதன்மைச் சாவியான பில் எண்ணில், இன்டெக்ஸ் கட்டாயம் இருக்கும். சுட்டும் பக்கத்தில், அதாவது உருப்படி அட்டவணையின் பில் எண்ணில், போஸ்ட்கிரெஸ் தானாக இன்டெக்ஸ் போடுவதில்லை. நீங்கள்தான் போட வேண்டும். போடாவிட்டால் ஒவ்வொரு பில்லுக்கும் உருப்படி அட்டவணை முழுவதையும் தலைமுதல் கால்வரை படிக்க வேண்டியிருக்கும். உருப்படி அட்டவணையில் 50 லட்சம் வரிசைகள் இருந்து நீங்கள் 10,000 பில்களை அழித்தால், 5,000 கோடி முறை ஒரு வரிசையைப் புரட்டிப் பார்ப்பதற்குச் சமம். எந்த வட்டும் எந்தச் செயலியும் இதைத் தாங்காது.

நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் முக்கிய அட்டவணைகளுக்கெல்லாம் இன்டெக்ஸ் ஒழுங்காகவே இருந்தது. ஆனாலும் அழிப்பு நகரவில்லை. தாங்கள் எழுதிய தணிக்கை டிரிக்கரைத்தான் எல்லோரும் குறைசொல்லிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்பிளைன் அனலைஸ் ஓட்டியபோது தணிக்கை டிரிக்கரின் வரியில் இருந்தது சொற்ப நேரம். அதற்குக் கீழே யாருக்கும் நினைவில்லாத ஒரு ஃபாரின் கீயின் வரியில் கிட்டத்தட்ட முழு நேரமும் நின்றது. திரும்பி வந்த சரக்கைக் குறித்துவைக்க எப்போதோ ஒருவர் சேர்த்த அட்டவணை அது. பில்லைச் சுட்டும் நெடுவரிசையில் இன்டெக்ஸ் இல்லை. எழுதுபவர்களைத் தடுக்காமல் இன்டெக்ஸ் கட்டும் கன்கரன்ட்லி முறையில் அதைக் கட்டிவிட்டு மறுபடி ஓட்டினோம். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. டிரிக்கர் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அதனால் மற்ற எதையும் தொடுவதற்கு முன்பு, அழிக்கப்போகும் அட்டவணையைச் சுட்டும் ஃபாரின் கீகள் அனைத்தையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் சுட்டும் நெடுவரிசையும் ஏதேனும் ஓர் இன்டெக்ஸின் முன்வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெக்ஸின் இரண்டாவது மூன்றாவது நெடுவரிசையாக இருப்பது இந்தத் தேடலுக்கு அவ்வளவாக உதவாது.

வரிசை தோறும் இயங்கும் டிரிக்கரைக் கட்டளைக்கு ஒருமுறை இயங்கும் டிரிக்கராக மாற்றலாமா?

மாற்றலாம். இன்டெக்ஸுக்கு அடுத்தபடியாக அதிகப் பலன் தருவது இதுதான். 2017இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 10 முதல், கட்டளை நிலை ஆஃப்டர் டிரிக்கருக்கு இடைநிலை அட்டவணை கிடைக்கிறது. டிரிக்கரை உருவாக்கும்போது ரெஃபரன்சிங் ஓல்டு டேபிள் என்று குறிப்பிட்டு ஒரு பெயர் கொடுத்தால், அந்தக் கட்டளையில் அழிந்த எல்லா வரிசைகளும் அந்தப் பெயரில் ஒரு தற்காலிக அட்டவணைபோல டிரிக்கருக்குள் வந்து நிற்கும். அதைச் சாதாரண அட்டவணையைப் போலவே வினவலாம்.

தணிக்கை டிரிக்கரை மாற்றுவது எளிது. லட்சம் தனித்தனி இன்சர்ட்டுகளுக்குப் பதிலாக, இடைநிலை அட்டவணையிலிருந்து படித்துத் தணிக்கை அட்டவணையில் எழுதும் ஒரே இன்சர்ட். அவ்வளவுதான்.

எண்ணிக்கை டிரிக்கரில்தான் பெரிய ஆதாயம் இருக்கிறது. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அழியும் பில்களில் 40,000 பில்கள் ஒரே வாடிக்கையாளருடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சரக்கு எடுக்கும் ஓர் ஓட்டல். பழைய டிரிக்கர் அந்த ஓட்டலின் ஒரே வரிசையை 40,000 முறை அப்டேட் செய்யும். போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்றால் இருக்கும் வரிசையின் மேல் எழுதுவதல்ல. புதிய பதிப்பை எழுதிவிட்டுப் பழையதைச் செத்ததாக விட்டுவைப்பது. பரிவர்த்தனை முடியாதவரை அந்தச் செத்த பதிப்புகளைத் துப்புரவு செய்யவும் முடியாது. நாற்பதாயிரமாவது அப்டேட் வரும்போது அந்த ஒற்றை ஓட்டலுக்கு 39,999 செத்த பதிப்புகள் குவிந்திருக்கும். உயிரோடிருக்கும் பதிப்பைக் கண்டுபிடிக்க அவற்றைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் தாண்ட வேண்டிய குவியல் ஒன்று கூடிக்கொண்டே போகிறது. வரிசைகள் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்காகும் வகை இது. முதல் ஆயிரம் வேகமாக ஓடிப் பிறகு நத்தை வேகத்துக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டளை நிலை டிரிக்கரில் இடைநிலை அட்டவணையை வாடிக்கையாளர் வாரியாகத் தொகுத்து, எத்தனை பில் என்று எண்ணி, அந்த எண்ணை ஒரே அப்டேட்டில் கழித்துவிடலாம். ஓட்டலின் வரிசை ஒரே ஒருமுறை மாறும். 40,000 ஒரே நேரத்தில் கழியும்.

இடைநிலை அட்டவணையில் ஏதேனும் சிக்கல் உண்டா?

சில உண்டு. இடைநிலை அட்டவணை கேட்கும் டிரிக்கர் ஒரே நிகழ்வுக்கு மட்டுமே இருக்க முடியும். இன்சர்ட், அப்டேட், டெலீட் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிரிக்கர் என்று எழுத முடியாது. டிரிக்கர் இயக்கும் நிரலான செயற்கூறு ஒன்றாக இருக்கலாம், டிரிக்கர்களை மட்டும் தனித்தனியாக அறிவிக்க வேண்டும்.

எந்த வரிசையும் அழியாவிட்டாலும் கட்டளை நிலை டிரிக்கர் இயங்கும். கனமான வேலை ஏதேனும் உள்ளே இருந்தால், இடைநிலை அட்டவணை காலியா என்று முதல் வரியிலேயே பார்த்துத் திரும்பிவிடுங்கள்.

இடைநிலை அட்டவணைக்கு இன்டெக்ஸ் கிடையாது. அது நினைவக வரம்பைக் குறிக்கும் ஒர்க் மெம் அமைப்பில் சொன்ன அளவுக்கு மேல் பெருத்தால் தற்காலிகக் கோப்பாக வட்டுக்கு இறங்கும். முழு வரிசையும் அதில் சேமிக்கப்படுகிறது என்பதால் அகலமான அட்டவணைகளில் இது கணிசமாகவே இருக்கும். ஆனாலும் லட்சம் தனி அழைப்புகளோடு ஒப்பிட்டால் இந்தச் செலவை நான் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

கடைசியாக ஒன்று. ஒரே அப்டேட்டில் பல வாடிக்கையாளர் வரிசைகளைத் தொடும்போது, எந்த வரிசைமுறையில் பூட்டுகள் விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு பெரிய அழிப்புகள் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு டெட்லாக் ஆகலாம். அப்டேட்டுக்கு முன்பு, சம்பந்தப்பட்ட வாடிக்கையாளர்களை எண் வரிசைப்படி செலக்ட் ஃபார் அப்டேட் மூலம் பூட்டிக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

எங்கள் டிரிக்கர் அழிப்பதற்கு முன்பே இயங்கும் பிஃபோர் வகை. அதையும் மாற்ற முடியுமா?

அது என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. "பணம் பாக்கி உள்ள பில்லை அழிக்கக் கூடாது" என்று தடுப்பது மட்டுமே அதன் வேலை என்றால், ஆஃப்டர் கட்டளை டிரிக்கரில் இடைநிலை அட்டவணையில் அப்படிப்பட்ட பில் இருக்கிறதா என்று ஒரே வினவலில் பார்த்துப் பிழை எழுப்பலாம். முழுக் கட்டளையும் ரத்தாகும். குறிப்பிட்ட வரிசையை மட்டும் தாண்டிவிட்டு மற்றவற்றை அழிக்க வேண்டும் என்றால் பிஃபோர் வரிசை டிரிக்கர்தான் வழி. ஆனால் அந்த நிபந்தனையை டெலீட்டில் எதை அழிப்பது என்று சொல்லும் வேர் (WHERE) பகுதியிலேயே எழுதிவிட முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

பிஃபோர் டெலீட் டிரிக்கர் எழுதும்போது பலர் இடறும் ஓர் இடம் உண்டு. இன்சர்ட்டுக்கும் அப்டேட்டுக்கும் எழுதிய பழக்கத்தில் கடைசி வரியில் ரிட்டர்ன் நியூ என்று எழுதிவிடுகிறார்கள். டெலீட்டில் புதிய வரிசை இல்லை என்பதால் நியூ என்பது வெறுமை. பிஃபோர் வரிசை டிரிக்கர் வெறுமையைத் திருப்பினால் "இந்த வரிசையை விட்டுவிடு" என்று போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. கட்டளை ஓடி முடியும், அழிந்தவை பூஜ்ஜியம் என்று காட்டும். டெலீட்டுக்கு ரிட்டர்ன் ஓல்டு என்றுதான் எழுத வேண்டும்.

எல்லா வரிசைக்கும் டிரிக்கர் தேவையில்லை. சிலவற்றுக்கு மட்டும் இயக்க முடியுமா?

டிரிக்கர் அறிவிப்பிலேயே, எப்போது இயங்க வேண்டும் என்று சொல்லும் வென் (WHEN) நிபந்தனையைச் சேருங்கள். நிபந்தனையைச் செயற்கூறின் உள்ளே இஃப் என்று எழுதினால், அழைப்பு நடந்த பிறகுதான் அது சரிபார்க்கப்படும். வெளியே வென் என்று எழுதினால் ஆஃப்டர் டிரிக்கருக்கான குறிப்பே நினைவகத்தில் சேராது.

டிரிக்கருக்குள் பிழை வந்தால் கையாளும் எக்செப்ஷன் பகுதி வைத்திருக்கிறோம். அது பாதிக்குமா?

பாதிக்கும். போஸ்ட்கிரெஸில் டிரிக்கர் எழுதப் பயன்படும் பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் மொழியில் எக்செப்ஷன் உள்ள ஒவ்வொரு பிளாக்கும் ஓர் உட்பரிவர்த்தனையைத் திறக்கிறது. வரிசை டிரிக்கரில் இது இருந்து, உள்ளே எழுதும் வேலையும் நடந்தால், லட்சம் வரிசைக்கு லட்சம் உட்பரிவர்த்தனை. ஒரு பரிவர்த்தனைக்கு 64 உட்பரிவர்த்தனை எண்களைத்தான் போஸ்ட்கிரெஸ் விரைவாக எடுக்கும்படி கையோடு வைத்திருக்கும். அதைத் தாண்டினால் உங்கள் டெலீட் மட்டுமல்லாமல், அதே நேரத்தில் அந்தச் சர்வரில் ஓடும் மற்றவர்களின் வினவல்களும் மெதுவாகக்கூடும். "பிழை வந்தால் விழுங்கிவிடு" என்பதற்காகவே இந்தப் பகுதியை எழுதியிருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். தணிக்கைப் பதிவு எழுத முடியாதபோது சத்தமில்லாமல் தாண்டிப்போகும் தணிக்கையால் யாருக்கும் பயன் இல்லை.

டிரிக்கரை அணைத்துவிட்டு அழித்துவிட்டு மறுபடி போட்டுவிடலாமே?

பலர் முதலில் கையிலெடுக்கும் வழி இது. நான் இதைக் கடைசியில் வைப்பேன்.

டிரிக்கரை அணைத்தால் அதன் வேலை நின்றுபோகிறது. அந்த வேலைக்கான தேவை நிற்பதில்லை. பில் எண்ணிக்கை குறையாது, தணிக்கைப் பதிவு இருக்காது. அந்த வேலையை நீங்களே ஒரே கட்டளையில் செய்துவிடுவதாக இருந்தால் மட்டுமே அணைப்பதற்கு நியாயம் உண்டு.

அப்படிச் செய்வதென்றால் அணைப்பது, டெலீட், ஈடுசெய்யும் அப்டேட், மறுபடி இயக்குவது எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள் இருக்கட்டும். ஆல்டர் டேபிள் மூலம் டிரிக்கரை அணைக்கும்போது பிறர் அந்த அட்டவணையில் எழுத முடியாதபடி ஒரு பூட்டு விழும். பரிவர்த்தனை முடியும்வரை அது நீங்காது. கடை திறந்திருக்கும் நேரத்தில் பில் போட முடியாமல் வரிசை நிற்கும். பூட்டுக்குப் பயந்து அணைத்ததைத் தனியே கமிட் செய்தால் இன்னும் மோசம்: அந்த இடைவெளியில் யார் எந்தக் கிளையில் எதை அழித்தாலும் டிரிக்கர் இயங்காது. எண்ணிக்கை எங்கே பிசகியது என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

செஷன் ரெப்ளிகேஷன் ரோல் என்ற அமைப்பை ரெப்ளிகா என்று மாற்றினால் உங்கள் இணைப்பில் மட்டும் சாதாரண டிரிக்கர்கள் அணையும். ஆனால் ஃபாரின் கீ சரிபார்ப்புகளும் அவற்றோடு சேர்ந்து அணைந்துவிடும். பில் போய், அதன் உருப்படிகள் அனாதையாக நிற்கும். தரவுத்தளம் அதை உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது.

நான் விரும்பும் வழி வேறு. டிரிக்கரின் வென் நிபந்தனையில் கரன்ட் செட்டிங் என்ற செயற்கூறு மூலம் நமக்கென்று ஓர் அமைப்பைப் படித்து, அது இயக்கப்பட்டிருந்தால் டிரிக்கர் ஒதுங்கிக்கொள்ளச் செய்வது. மொத்த அழிப்புப் பணி மட்டும் தன் பரிவர்த்தனைக்குள் அந்த அமைப்பை இயக்கிக்கொள்ளும்; பரிவர்த்தனை முடிந்ததும் அது தானாக மறையும். பூட்டு இல்லை, ஃபாரின் கீ அப்படியே காவல் நிற்கும், மற்றவர்களுக்கு டிரிக்கர் வழக்கம்போல இயங்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: தரவுத்தளத்துக்குள் வரும் எவரும் அந்த அமைப்பை இயக்கிக்கொள்ள முடியும். சட்டத் தேவைக்கான தணிக்கை டிரிக்கரில் இந்தக் கதவைத் திறந்துவைக்காதீர்கள்.

தொகுதி தொகுதியாக அழிப்பது உதவுமா?

உதவும், ஆனால் எதற்கு உதவும் என்பதில் தெளிவு வேண்டும். வரிசை டிரிக்கரின் மொத்த வேலை குறையாது. லட்சம் அழைப்பு லட்சமாகவே இருக்கும். குறைவது நினைவகக் குறிப்புகள், பூட்டு பிடித்திருக்கும் காலம், பாதியில் தோற்றால் வீணாகும் வேலை. ஓட்டல் எடுத்துக்காட்டில் மட்டும் உண்மையாகவே வேலையும் குறையும். கமிட் ஆனதும் செத்த பதிப்புகளைத் துப்புரவு செய்ய முடியும் என்பதால்.

போஸ்ட்கிரெஸின் டெலீட் கட்டளையில், இத்தனை வரிசைதான் என்று வரம்பு போடும் லிமிட் கிடையாது. அழிக்க வேண்டிய எண்களை உள் வினவலில் லிமிட் போட்டு எடுத்து, அவற்றை மட்டும் அழிக்க வேண்டும். 2018இல் வந்த போஸ்ட்கிரெஸ் 11 முதல், தரவுத்தளத்தில் சேமித்துவைக்கும் நிரலான ப்ரொசீஜருக்குள்ளேயே கமிட் செய்ய முடியும் என்பதால் சுற்றையும் தரவுத்தளத்திலேயே எழுதலாம்.

இதில் ஒரு நுணுக்கம். ஒவ்வொரு சுற்றிலும் "2015க்கு முந்தைய முதல் 5,000 பில்" என்று ஆரம்பத்திலிருந்தே தேடினால், முந்தைய சுற்றுகளில் செத்த வரிசைகளின் இன்டெக்ஸ் பதிவுகளை மறுபடி மறுபடி கடந்து வர நேரும். சுற்றுக்குச் சுற்று நேரம் ஏறும். கடைசியாக அழித்த பில் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றை அதற்குப் பிறகிருந்து தொடங்குங்கள்.

தொகுதியின் அளவு எவ்வளவு? 1,000இல் தொடங்கி, ஒரு சுற்று ஓரிரு நொடிகளுக்குள் முடியும் அளவுவரை ஏற்றிப் பாருங்கள். எல்லாத் தரவுத்தளத்துக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. பாதியில் நின்றால் பாதி அழிந்த நிலை உங்கள் கணக்குக்கு ஏற்புடையதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மாத முடிவுக் கணக்கு ஓடும் இரவில் இந்தப் பணியை வைக்காதீர்கள்.

பில் அழிந்தால் அதன் உருப்படிகளும் அழியும்படி ஃபாரின் கீயில் ஆன் டெலீட் கேஸ்கேட் வைத்திருக்கிறோம். தானாக அழியட்டும் என்று விடலாமா?

சிறிய அளவுக்கு விடலாம். பெரிய அளவுக்கு வேண்டாம். கேஸ்கேட் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு தனி டெலீட்டை உருப்படி அட்டவணையில் ஓட்டுகிறது. அதற்குப் பதிலாக, அழியப்போகும் பில் எண்களைத் தற்காலிக அட்டவணையில் எடுத்துவைத்து, முதலில் உருப்படிகளை ஒரே டெலீட்டில் அழித்து, பிறகு பில்களை அழியுங்கள். கேஸ்கேட் அப்போதும் ஒவ்வொரு பில்லுக்கும் தேடிப் பார்க்கும். ஆனால் அழிக்க எதுவும் இருக்காது, இன்டெக்ஸ் இருந்தால் அந்தத் தேடலும் உடனே முடியும்.

அட்டவணையை மொத்தமாகக் காலி செய்யும் ட்ரன்கேட் கட்டளையைக் கொடுத்துவிட்டால் டிரிக்கரே ஓடாதே?

டெலீட் டிரிக்கர்கள் ஓடாதுதான். ட்ரன்கேட்டுக்கென்று தனி டிரிக்கர் வைத்திருந்தால் அது ஓடும். முழு அட்டவணையையும் காலி செய்யும்போது மட்டுமே இது பொருந்தும். வேறு அட்டவணை ஃபாரின் கீ மூலம் சுட்டினால் போஸ்ட்கிரெஸ் மறுக்கும். அந்த நேரத்தில் கேஸ்கேட் என்ற சொல்லை அவசரமாகச் சேர்த்துவிடாதீர்கள்: அந்த அட்டவணையைச் சுட்டும் வரிசைகள் மட்டுமல்ல, சுட்டும் அட்டவணைகளே முழுவதுமாகக் காலியாகிவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் பழைய ஆண்டின் பில்களை அழிக்கிறோம். நிரந்தரமான வழி எது?

அட்டவணையைத் தேதி வாரியாகப் பிரித்து வையுங்கள். பார்ட்டிஷன் முறையில் ஒவ்வொரு மாதத்தின் பில்களும் தனித் துண்டாக இருக்கும். பழைய மாதம் வேண்டாம் என்றால் அந்தத் துண்டைப் பிரித்தெடுத்து டிராப் செய்தால் போதும். வரிசை வரிசையாக எதுவும் அழிவதில்லை என்பதால் டெலீட் டிரிக்கர் இயங்காது. செத்த வரிசைகளும் மிஞ்சாது. போஸ்ட்கிரெஸ் 14 முதல் துண்டைப் பிரிப்பதைக் கன்கரன்ட்லி முறையிலும் செய்ய முடியும்.

எண்ணிக்கையைக் கழிப்பது, தணிக்கைக்கு நகல் எடுப்பது போன்றவற்றை டிராப்புக்கு முன்னால் நீங்களே செய்ய வேண்டும். அந்தத் துண்டையே ஆவணமாகப் பாதுகாத்தால் தணிக்கை நகல் தனியே தேவைப்படாமலும் போகலாம். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட அட்டவணையைப் பார்ட்டிஷனுக்கு மாற்றுவது உழைப்பு கேட்கும் வேலை. ஆனால் ஆண்டுதோறும் அழிப்பவர்களுக்கு அந்த உழைப்பு வீண்போகாது.

அழிக்காமல் "நீக்கப்பட்டது" என்று குறித்துவைத்தால்?

அப்போது டெலீட் டிரிக்கருக்குப் பதில் அப்டேட் டிரிக்கர் லட்சம் முறை ஓடும். போஸ்ட்கிரெஸில் அப்டேட் ஒவ்வொன்றும் புதிய பதிப்பு எழுதும் என்பதால் அட்டவணை பெரிதாகவும் செய்யும்.

மற்ற தரவுத்தளங்களில் இதெல்லாம் எப்படி?

எஸ்கியூஎல் சர்வரில் டிரிக்கர்கள் எல்லாமே கட்டளை நிலைதான். அழிந்தவை டெலீட்டட் என்ற போலி அட்டவணையில் மொத்தமாக வரும். அதில் ஒரே வரிசைதான் இருக்கும் என்று எண்ணி எழுதுவதும், கர்சர் போட்டு ஒவ்வொன்றாகச் சுற்றுவதும்தான் அங்கே வழக்கமான பிழைகள். முதலாவது தவறான கணக்கைத் தரும், இரண்டாவது வேகத்தைக் கொல்லும். ஒரு கட்டளை ஏறத்தாழ 5,000 பூட்டுகளைப் பிடித்தால் அது முழு அட்டவணைப் பூட்டாக உயரக்கூடும் என்பதால், தொகுதிகளை அதற்குக் கீழே வைத்துக்கொள்வது அங்கே நல்ல பழக்கம்.

ஆரக்கிளில் 11ஜி பதிப்பு முதல் காம்பவுண்ட் டிரிக்கர் இருக்கிறது. வரிசை தோறும் வரும் பகுதியில் எண்களை ஒரு தொகுப்பில் சேர்த்துக்கொண்டு, கட்டளை முடிவில் ஃபார்ஆல் என்ற கட்டளை மூலம் மொத்தமாக எழுதலாம். வரிசை டிரிக்கரில் அதே அட்டவணையை வினவினால் வரும் ஓஆர்ஏ-04091 பிழைக்கும் இதுவே மருந்து. ஃபாரின் கீயில் இன்டெக்ஸ் இல்லாவிட்டால், சுட்டப்படும் மேல் அட்டவணையில் அழிக்கும்போது ஆரக்கிள் அதைச் சுட்டும் கீழ் அட்டவணை முழுவதையும் பூட்டும். அங்கே இன்டெக்ஸ் இல்லாதது வேகக் குறைவோடு நிற்காமல் பிறர் வேலையையும் நிறுத்தும்.

மைஎஸ்கியூஎல்லில் வரிசை டிரிக்கர் மட்டுமே உண்டு. ஆகவே அங்கே வழி, டிரிக்கரின் உள்ளே செய்யும் வேலையை மெலிதாக்குவதுதான்: எண்ணிக்கையை உடனே குறைக்காமல், "இந்த வாடிக்கையாளருக்கு ஒன்று கழிக்க வேண்டும்" என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகு மொத்தமாகக் கூட்டிக் கழிப்பது. டெலீட்டில் லிமிட் போடும் வசதி இருப்பதால் தொகுதியாக அழிப்பது எளிது. மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில் ஃபாரின் கீக்கு வேண்டிய இன்டெக்ஸ் இல்லாவிட்டால் அது தானாகவே உருவாகும் என்பது ஒரு நிம்மதி. ஆனால் 8.0 பதிப்பில் கேஸ்கேட் மூலம் அழியும் வரிசைகளுக்கு டிரிக்கர் இயங்காது. தணிக்கைக்கு டிரிக்கரை நம்பியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

எஸ்கியூலைட்டில் வேர் நிபந்தனை இல்லாத டெலீட், வரிசைகளைத் தனித்தனியே தொடாமல் அட்டவணையை மொத்தமாகக் காலி செய்யும். அட்டவணையில் ஒரு டிரிக்கர் இருந்தாலே அந்த வேகம் போய்விடும்.

அழித்து முடித்தாயிற்று. இனி ஏதேனும் செய்ய வேண்டுமா?

போஸ்ட்கிரெஸில், செத்த பதிப்புகளைத் துப்புரவு செய்யும் வேக்யூம் அனலைஸ் ஓட்டுங்கள். பில் அட்டவணையோடு நிற்காமல், டிரிக்கர் தொட்ட வாடிக்கையாளர் அட்டவணைக்கும் ஓட்டுங்கள். செத்த பதிப்புகள் அங்கேயும் குவிந்திருக்கும். தானியங்கி வேக்யூம் எப்படியும் வரும், ஆனால் மறுநாள் காலை கடை திறப்பதற்குள் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேறு யாரோ திறந்துவைத்து மறந்துபோன பழைய பரிவர்த்தனை ஒன்று எங்கேனும் நின்றுகொண்டிருந்தால் வேக்யூம் ஓடியும் எதுவும் துப்புரவாகாது. முதலில் அதைக் கண்டுபிடித்து மூடுங்கள். வட்டில் இடம் உடனே திரும்பாததைக் கண்டு பதற வேண்டாம். காலியான இடத்தைப் புதிய பில்கள் நிரப்பிக்கொள்ளும்.